கோடு போடாத ரோடு

எங்கள் ஊர் மோன்லோசாக்கில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் ரெஜிஸ் கஸோபோனிடம் கற்றுக்கொண்டவர்கள். என் மகளும் அவரிடம்தான் கற்றாள். அவருக்குக் கோபமே வராது என்பார்கள். அது பொய். வரும், ஆனால் வாய்க்கு வருவதற்கு முன்னால் வலது காலுக்கு வந்துவிடும். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டல்லவா, அதை மிதித்து மிதித்து அந்தக் காலுக்குத் தனியாக ஒரு புத்தி முளைத்துவிட்டது. சினிமா பார்க்கும்போது திரையில் கார் வந்தால் கால் தரையை மிதிக்கும். தூக்கத்திலும் மிதிப்பார். கட்டிலின் கால்மாட்டுப் பலகை விரிசல் விட்டதே அதனால்தான் என்று அவர் மனைவி மரீஸ் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

நான் மிரேய். தேவாலயத்துக்கு எதிரே இருக்கும் பார் என்னுடையது. காபி, மது, சிகரெட், செய்தித்தாள், தபால்தலை எல்லாம் ஒரே கவுண்ட்டரில். திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் ஊர் வம்பு எதுவானாலும் என் கவுண்ட்டரைத் தொட்டுவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போகும். ஞாயிறு காலையில் மட்டும் என் தங்கை கடையைப் பார்த்துக்கொள்வாள். நான் சைக்கிள் சங்கத்தோடு கிளம்பிவிடுவேன். சங்கம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பன்னிரண்டு பேர், பதின்மூன்று அபிப்பிராயம்.

ஒவ்வொரு ஞாயிறும் ஒருவர் வழி சொல்ல வேண்டும் என்பது சங்கத்தின் ஏற்பாடு. தலைவர் லூசியன் முறை வந்தால் அன்று மேடுகளாகத்தான் இருக்கும். ரொட்டிக்கடையை விற்றுவிட்டு ஓய்வில் இருக்கும் மனிதர். எழுபதைத் தாண்டியும் தன் தொடையைத் தட்டிக் காட்டாத நாள் கிடையாது. பல் டாக்டர் கிளோதில்த் முறையென்றால் எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் ஒரு கேக் கடை வாசலில் போய் நிற்போம். பற்களின் எதிர்காலம் பற்றி அவளுக்கு அப்படி ஓர் அக்கறை. ஆனால் எல்லோரும் காத்திருப்பது ரெஜிஸின் முறைக்குத்தான்.

அவருக்கு ஒரே ஒரு விதி. நடுவில் வெள்ளைக்கோடு போட்ட ரோட்டில் சைக்கிள் சக்கரம் படக்கூடாது. "கோடு போட்ட ரோடு சம்பளத்துக்கு, கோடு போடாத ரோடு நமக்கு" என்பார். பூண்டு வயல்களுக்கு நடுவே, சூரியகாந்திக்குப் பின்னால், யாருடைய கோழிக்கூண்டையோ உரசிக்கொண்டு, மேட்டில் ஏறி இறங்கி மறுபடி ஏறி, ஒரு லாரியைக்கூடப் பார்க்காமல் காலை முழுவதும் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து என் கடை வாசலில் விட்டுவிடுவார். வழியில் எதிர்ப்படுவது தபால் வண்டியும் இரண்டு நாய்களும்தான். அந்த நாய்களுக்கும் எங்களைக் கண்டால் எழுந்திருக்கச் சோம்பல். அப்படிப்பட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் அதிகம் பேசுவதில்லை. சக்கரம் சுற்றும் சத்தமும் லூசியன் மூச்சு வாங்காதது போல் நடிக்கும் சத்தமும்தான் கேட்கும்.

இப்படி ஊருக்கெல்லாம் வழி காட்டிய மனிதர் ஒரே ஒரு ரோட்டை மட்டும் யாருக்கும் காட்டவில்லை.

இதை நீங்கள் கஞ்சத்தனம் என்று நினைத்தால் எங்கள் ஊர்க்காரர்களை உங்களுக்குத் தெரியாது என்று அர்த்தம். இங்கே மழை விட்டு வெயில் வந்ததும் எல்லோரும் கூடையோடு காட்டுக்குள் காளான் பொறுக்கப் போவார்கள். எங்கே கிடைத்தது என்று கேட்டால் பெற்ற பிள்ளையிடம்கூடப் பொய்தான். என் பெரியப்பா சாகக் கிடந்தபோது பாதிரியார் வந்து பாவமன்னிப்புக் கேட்கச் சொன்னார். மனிதர் எல்லாப் பாவத்தையும் சொன்னார், கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். காளான் கிடைக்கும் இடத்தை மட்டும் சொல்லாமலே கண்ணை மூடிவிட்டார். அந்த ரத்தம்தான் எங்கள் எல்லோருக்குள்ளும் ஓடுகிறது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும்.

ரெஜிஸின் வளைக்குப் பெயர் கழுதைமேடு. லபோர்த் என்பவரின் வாத்துப் பண்ணைக்குப் பின்பக்கம், இரண்டு மேடுகளுக்கு இடையில் நுழைந்து போகும் ரோடு. அந்தக் காலத்தில் ஒரு மேயருடைய மாமியார் வீடு மேலே இருந்தது. அதனால் தார் போட்டார்கள். மாமியார் போனதும் மேயர் ஆபீஸ் அந்த ரோட்டை மறந்துவிட்டது. இப்போது வெள்ளைக்கோடு இருக்க வேண்டிய இடத்தில் புல் முளைத்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்குப் புதர்வேலி. ஏறும்போது செங்குத்தாக ஏறும். உச்சியில் ஒரு வாதுமை மரம். அப்புறம் ஓடைப்பாலம் வரை ஒரே இறக்கம்.

ஓட்டுநர் பள்ளிக்கும் திங்கட்கிழமைதான் விடுமுறை. அன்று ரெஜிஸ் தனியாக அங்கே போய்விடுவார். இதெல்லாம் எங்களுக்குப் பின்னால் தெரிந்த கதை. அதற்கு முன் ஒரே ஒரு தடவை கொஞ்சம் உளறினார். போன வருஷம் ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை, கற்றுக்கொள்ள வர வேண்டிய பையன் வராமல் போகவே, கிடைத்த இடைவெளியில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். அந்த ஞாயிறு என் கடையில் சோம்புச் சாராயத்தை வைத்துக்கொண்டு பெருமையடித்தார்.

"ஒரு மாங்குயில் பார்த்தேன்பா. வேலிக்குள்ள, மஞ்சள் மஞ்சளா, பளிச்சுனு!"

"எங்க பார்த்த?" என்றார் லூசியன்.

"அங்கதான், ஒரு எடத்துல."

"எவ்ளோ பெருசு?"

ரெஜிஸ் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"யோவ், அது மாங்குயில் இல்லய்யா, வான்கோழி!" என்று லூசியன் சொல்ல, கடையே சிரித்தது. அன்று எங்களோடு சைக்கிளில் வந்திருந்த மரீஸ் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். நாடா கட்ட அவ்வளவு நேரம் ஆகுமா என்று அப்போதே யோசித்தேன்.

இந்த வருஷம் பூண்டு பிடுங்கும் சமயத்தில் ஒரு திங்கட்கிழமை, கொல்லைப்பக்கம் குழாயடியில் என் ஷூவில் ஒட்டிய சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டும் சத்தம். ரெஜிஸ் நின்றிருந்தார். தலையில் ஹெல்மெட், முகத்தில் ரத்தமே இல்லை.

"மிரேய், ஒரு புதினா சர்பத் குடு."

"திங்கக்கிழமை கடை கெடையாது. பலகையில எழுதி வச்சது கண்ணுக்குத் தெரியலையா?"

"சரி, தண்ணியாவது குடு."

தண்ணீர் கொடுத்தேன். பாதியைக் குடித்தார், பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். அப்புறம் தொண்டையைச் செருமினார்.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்காரு."

"ம்."

"அவருக்கு ஒரு ரோடு இருக்கு."

"ரோடா? சொந்தமாவா?"

"சொந்தம்னு இல்ல. அப்பப்ப போவாரு. இப்ப அந்த ரோட்ட விக்கப் போறாங்களாம். குச்சி நட்டு நோட்டீசு ஒட்டியிருக்கு. ரெண்டு பக்கமும் லபோர்த்தோட வயலாம், நடுவுல இருக்கற ரோட்டையும் அவருக்கே குடுத்துட்டா வாத்துங்களுக்கு வசதியாம். வாத்துக்கு எதுக்கும்மா வசதி?"

நோட்டீசில் இருந்ததை ஒப்பித்தார். யாருமே போகாத ரோடாக இருந்தால்தான் விற்கலாம். அதை விசாரிக்க ஓர் அதிகாரி சனிக்கிழமை காலை மேயர் ஆபீசில் வந்து உட்காருவார். அந்த ரோட்டில் போகிறவர்கள் நேரில் வந்து சொல்ல வேண்டும், அல்லது எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருவரும் சொல்லவில்லையென்றால் ரோடு லபோர்த்துக்கு.

"அப்ப அந்த ஒருத்தரு போயி 'நான் போறேன்'னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா ஊருக்கே தெரிஞ்சிடுமே! அடுத்த ஞாயித்துக்கிழமையே லூசியன் எல்லாரையும் அங்க கூட்டிட்டுப் போயிடுவான்."

"எழுதிக் குடுக்கட்டும்."

"எழுதினா பேரோட வாசல்ல ஒட்டுவாங்க."

"சொல்லலன்னா?"

"ரோடே போயிடும்."

"உங்க ஆளுக்கு மூளைன்னு ஒண்ணு இருந்தா போய்ச் சொல்லுவாரு."

"அவருக்கு மூளையெல்லாம் நல்லாத்தான் இருக்கு!" என்று கோபித்துக்கொண்டு எழுந்து போனார். திருடனுக்குத் தேள் கொட்டியது போல் ஒரு முகம். கத்தவும் முடியாது, கடுக்காமலும் இருக்காது.

சரி, இது ரெஜிஸின் துக்கம் என்று நினைத்துக்கொண்டு மறுநாள் கடையைத் திறந்தேன். மத்தியானம் கூட்டம் கலைந்த பிறகு லூசியன் வந்து கவுண்ட்டரின் மூலையில் ஒண்டிக்கொண்டார். லூசியன் ஒண்டி நான் பார்த்ததே இல்லை. நடுவில் நின்று கத்துவதுதான் அவர் வழக்கம்.

"மிரேய், என் மச்சினன் ஒருத்தன் இருக்கான்."

"எந்த மச்சினன்? உங்களுக்கு ஏது மச்சினன்?"

"தூரத்துச் சொந்தம். அவனுக்குப் பிடிச்ச ஒரு ரோடு இருக்காம்…"

நான் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தேன். இல்லாவிட்டால் உடைந்திருக்கும்.

புதன்கிழமை எனக்குப் பல் டாக்டரிடம் முறை. கிளோதில்த் என் வாயில் இரண்டு கருவிகளையும் ஒரு பஞ்சையும் வைத்துவிட்டு, நான் பேச முடியாது என்று உறுதி செய்துகொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி ஆரம்பித்தாள்.

"எங்கிட்ட வர்ற ஒரு பேஷன்ட் சொன்னாங்க. அவங்க எப்பவும் போற ஒரு ரோடாம்…"

"ஆ… ஆ…"

"வலிக்குதா?"

வலிக்கவில்லை. சிரிப்பு. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

ஆக, எனக்குத் தெரிந்து மூன்று பேர். மூவருக்கும் ஒரே ரோடு, மூவருக்கும் அது தன்னுடையது மட்டுமே. மூன்று பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பார் நடத்துகிறவள் வாயைத் திறந்தால் அப்புறம் அவளிடம் யார் வாயைத் திறப்பார்கள்? மூவரிடமும் ஒன்றையே சொன்னேன்: சனிக்கிழமை போய்ச் சொல்லச் சொல்லுங்கள். மூவரும் ஒரே மாதிரி பெருமூச்சு விட்டார்கள்.

அந்த வாரம் முழுவதும் ரெஜிஸைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வெள்ளிக்கிழமை அவரிடம் கற்றுக்கொள்ளும் பெண் கடைக்கு வந்து, "இன்னிக்கு நான் சிவப்பு விளக்கத் தாண்டிப் போயிட்டேன், அவர் ஒண்ணுமே சொல்லல, பிரேக்கும் போடல, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு மனிதன் வருஷக்கணக்காகத் தினமும் அடுத்தவர் கையில் தன் உயிரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். வாரத்தில் ஒரு காலை அவனுக்கென்று இருந்தது. அதுவும் போனால் என்ன ஆவான்? உண்மையிலேயே பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலை மேயர் ஆபீசுக்குக் காபியும் ரொட்டியும் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அனுப்புவதாவது! தட்டை நானே எடுத்துக்கொண்டு போனேன்.

யாரும் பார்ப்பதற்கு முன்னால் முதல் ஆளாகப் போய்ச் சொல்லிவிட்டு நழுவிவிடலாம் என்று மூன்று பேரும் தனித்தனியாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். விளைவு, தாழ்வாரத்து பெஞ்சில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சின் கோடியில் லபோர்த், தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு. அவர் கெட்டவர் இல்லை. அவருடைய வாத்துகள் ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குப் போகும்போதெல்லாம் அந்த ரோட்டில் இறங்கிச் சிதறி ஓடிவிடும். அந்தி சாயும் நேரத்தில் ஓடை வரை போய்ப் பொறுக்கிக்கொண்டு வர வேண்டும். அவ்வளவுதான் அவர் குறை. யாருமே போகாத ரோடு என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார். அவர் வீடு மேட்டுக்கு அந்தப் பக்கம். டிராக்டரில் ஏறினால் காதில் பாட்டு.

"நீ எங்க இந்தப் பக்கம்?" என்று லூசியன் ரெஜிஸைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பொறப்புச் சான்றிதழ் வாங்கணும்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். நீங்க?"

"குப்பைத்தொட்டி. எங்க தொட்டிக்கு மூடி இல்ல. டாக்டரம்மா?"

"நான் சும்மா… கல்யாண மண்டபம் வாடகைக்குக் கெடைக்குமான்னு…"

"யாருக்குக் கல்யாணம்?"

"யாருக்காவது!" என்றாள் கிளோதில்த். கழுத்துவரை சிவந்துவிட்டது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள்; அதிலும் மூன்று பேரும் ஒரே தட்டில். நான் கதவைத் தட்டினேன். அதிகாரி பாதி திறந்தார். ஓஷ் நகரத்திலிருந்து வந்த ஓர் அம்மாள். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மூக்குக் கண்ணாடி கயிற்றில் தொங்கியது. காபியை வாங்கிக்கொண்டு தாழ்வாரத்தை எட்டிப் பார்த்தார்.

"கழுதைமேட்டு ரோடு விஷயமா உள்ள ஒருத்தங்க பேசிட்டு இருக்காங்க. அடுத்தது யாரு?"

லபோர்த் கையைத் தூக்கினார். "நான் வாங்கறவன்."

"உங்களக் கேக்கல. அந்த ரோட்டுல போறவங்க யாராவது இருக்கீங்களா?"

ஒருவரும் அசையவில்லை. ரெஜிஸ் கூரையைப் பார்த்தார். லூசியன் விரல் நகத்தைப் பார்த்தார். கிளோதில்த் சுவரில் மாட்டியிருந்த குப்பை வண்டி அட்டவணையை ஏதோ நாவல் மாதிரி படித்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் இல்லையா? ஒரே ஒருத்தங்க சொல்றத வச்சு, ஜனங்க போற ரோடுன்னு நான் எழுத முடியாது. அப்ப அவங்க முடிச்சதும் நான் கெளம்பறேன்."

கதவு மூடப் போனது. தட்டை எடுத்து மூன்று தலையிலும் ஆளுக்கொன்று போடலாமா என்றிருந்தது. அப்போது ரெஜிஸின் காலைப் பார்த்தேன். வலது கால் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. அழுத்தி, இன்னும் அழுத்தி. அப்புறம் மனிதர் எழுந்துவிட்டார்.

"நான் போறேங்க," என்றார். "திங்கக்கிழமை. தவறாம போறேன். மழையில கூட."

"வேலைக்குப் போற வழியா?"

"இல்லங்க. சும்மாதான்."

"சும்மாவா?"

"ஆமா, சும்மா. நான் வண்டி ஓட்டச் சொல்லிக்குடுக்கறவன். என் வலது காலு இருபத்துநாலு மணி நேரமும் பிரேக்கு மேலதான் இருக்கும். வீட்டுல, சாப்பாட்டு மேசைக்கு அடியில, தூக்கத்துல. அந்த ரோட்டுல, வாதுமை மரத்துக்கிட்ட இருந்து கீழ எறங்கறப்போ மட்டும் அது பிரேக்க மறந்துடுது. அந்த ஒரு எறக்கத்துலதான் நான் நானா இருக்கேன். நீங்க இத எழுதிக்கலாமோ கூடாதோ எனக்குத் தெரியாது. ஆனா அது யாரும் போகாத ரோடு இல்ல. நான் போறேன்."

சொல்வதற்கென்ன வெட்கம், எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கிளோதில்த்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"திங்கக்கிழமையா? அப்பாடா. நான் வியாழக்கிழமை."

ரெஜிஸ் திரும்பி அவளைப் பார்த்தார். வீட்டுக்குள் திருடனைப் பார்த்தவர் போல.

"எங்க? கழுதைமேட்டுலயா?"

"பாடறதுக்குப் போவேன். வாரம் பூரா அடுத்தவங்க வாயத்தான் பாக்கறேன். என் வாயத் தொறந்து கத்திப் பாட எனக்கு வேற எடம் கெடையாது."

லபோர்த் எழுந்தே விட்டார். "பாடினது நீங்களா? எம் பொண்டாட்டி அந்தப் பக்கம் ஏதோ மிருகம் பொறியில மாட்டிக்கிச்சுன்னு என்னைத் தேட அனுப்பினா!"

"நன்றிங்க," என்றாள் கிளோதில்த்.

எல்லோருடைய கண்ணும் லூசியன் பக்கம் திரும்பியது. அவர் இன்னும் நகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலைவரே, குப்பைத்தொட்டிக்கு மூடி கெடச்சுதா?" என்றேன்.

"சும்மா இரு மிரேய்." பிறகு பள்ளிக்கூடத்தில் தப்பு செய்த பையன் மாதிரி எழுந்து நின்றார். "செவ்வாக்கிழமை நான் போவேன். கேக்கறீங்களா? கேட்டுக்கங்க. மேட்டுல ஏறும்போது எறங்கித் தள்ளிக்கிட்டுப் போவேன். முழு மேடும் தள்ளிக்கிட்டுத்தான். என் மூட்டு ரெண்டும் போயி எவ்ளோ காலமாச்சு! தலைவர்ங்கறவன் உங்க முன்னால எறங்க முடியுமா? அங்கதான் யாரும் பாக்கமாட்டாங்க. தள்ளிக்கிட்டே வேலியில பழம் பறிச்சுத் தின்னுக்கிட்டு மெதுவா போவேன். ராஜா மாதிரி இருக்கும்."

எழுபது தாண்டிய மனிதர் முகம் சிவந்து நிற்பதைப் பார்த்தால் சிரிக்க மனம் வராது என்று நினைக்கிறீர்களா? நாங்கள் சிரித்தோம். கண்ணீர் வரச் சிரித்தோம். கடைசியில் லூசியனும் சிரித்தார்.

அந்த நேரத்தில் கதவு முழுதாகத் திறந்தது. எல்லோருக்கும் முன்னால் வந்து, உள்ளே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த அந்த ஒருத்தி வெளியே வந்தாள். மரீஸ். மஞ்சள் நிற சைக்கிள் சட்டை போட்டிருந்தாள். கண்ணைப் பறிக்கும் மஞ்சள்.

ரெஜிஸ் இரண்டு கைகளையும் தானாகவே விரித்தார், அன்று கடையில் விரித்தாரே, அதே அளவுக்கு.

"ஆமா, மாங்குயில்தான்," என்றாள் மரீஸ். "ஒன்னப் பாத்ததும் வேலிக்குள்ள பாஞ்சு முட்டியெல்லாம் கீறிக்கிச்சு."

"வெள்ளிக்கிழமை நீ நீச்சலுக்குல்ல போறேன்னு சொல்லுவ?"

"மழை பெஞ்சா போவேன்."

"எப்படித் தெரியும் ஒனக்கு? நான் யார்கிட்டயும்…"

"சேத்துல சக்கரத் தடம் தெரியாதா? ஒரு நாள் புடிச்சுக்கிட்டே போனேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள், ஆனால் தாழ்வாரம் சின்னது. "திங்கக்கிழமை மத்தியானம் நீ வேற ஆளா திரும்பி வருவ, ரெஜிஸ். சாப்பிடும்போது எம் மூஞ்சப் பாத்துப் பேசுவ. அப்படி அங்க என்னதான் இருக்குன்னு பாக்கணும்னு தோணிச்சு. போய்ப் பாத்தேன். புரிஞ்சுது. எனக்கும் புடிச்சுப்போச்சு. சொன்னா ஒன் ரோடு கெட்டுப்போயிடுமேன்னு வாயத் தொறக்கல."

ரெஜிஸ் அவள் தோளில் கையை வைத்து நின்றார். அதிகாரி அம்மாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கணக்குப் போட்டார்.

"திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி. ஒரே ரோடு, நாலு பேரு, ஒருத்தர ஒருத்தர் பாத்ததே இல்ல. இத்தன வருஷத்துல நான் இப்படி ஒரு விசாரணை நடத்தினது கெடையாது." என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்களும் போறதுண்டா?"

"நான் காபி கொண்டாந்தவ," என்றேன்.

விற்பனை நின்றுவிட்டது. லபோர்த்துக்கு வருத்தம்தான், ஆனால் மனிதர் வளைந்து கொடுத்தார். வாத்துகள் குறுக்கே போகும் இடத்தில் ரோட்டை மறித்து இரண்டு பக்கமும் கதவு வைத்துக்கொள்ளலாம், போகிறவர்கள் இறங்கித் திறந்து மூடிவிட்டுப் போக வேண்டும் என்று முடிவாயிற்று. கதவை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தபோது, மேட்டுப்பாதி சரியாக இருக்கும் என்று முதலில் சொன்னவர் லூசியன். இப்போது அவர் மரியாதையாக இறங்குவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு கதவை மூடிவிட்டு அடுத்த கதவு வரை ஏறி உட்கார்வது எதற்கு என்று இடையிலும் தள்ளிக்கொண்டே போகிறாராம்.

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே அங்கே திரளும் என்று ரெஜிஸ் பயந்தாரே, அதுதான் நடக்கவில்லை. அடுத்த ஞாயிறு பன்னிரண்டு பேரும் கிளம்பினோம். கழுதைமேட்டுத் திருப்பம் வந்தது. விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எதிர்ப்பக்கத்துப் பூண்டு வயலைத் திரும்பிப் பார்த்தார்கள். "இந்த வருசம் பூண்டு நல்லா வந்திருக்கு" என்றார் லூசியன். "ஆமாமா, பிரமாதம்" என்றாள் கிளோதில்த். பூண்டெல்லாம் பிடுங்கி முடித்து வயல் வெறுமையாகக் கிடந்தது. மீதிப் பேர் எதையும் கவனிக்காமல் நேராகப் போனார்கள்.

ஆனால் திங்கட்கிழமை மாறிவிட்டது. வேலி மறைவில் குனிந்து பார்த்தால் தெரியும். மஞ்சள் சட்டை முன்னால், ரெஜிஸ் பின்னால். மேட்டில் ஏறும்போது இரண்டு பேரும் பேசுவதில்லை. போன வாரம் வாதுமை மரத்தடியில் நின்று தண்ணீர் குடித்தார்கள். அப்புறம் மரீஸ் இறக்கத்தில் விட்டாள். கையை பிரேக்கிலிருந்து எடுத்துவிட்டு, குனிந்து, அம்பு மாதிரி.

"பிரேக்! மரீஸ், பிரேக்!"

அந்த ரோட்டில் ரெஜிஸ் குரல் எழுப்பி அதுதான் முதல் தடவையாக இருக்கும். வலது கால் பெடலை விட்டு முன்னால் நீண்டு காற்றை மிதித்தது. கீழே பாலத்துப் பக்கமிருந்து மரீஸின் சிரிப்புதான் பதிலாக வந்தது. அவர் தன் காலைக் குனிந்து பார்த்தார். மரத்தடியில் நின்றபடி தனியாக, சத்தமாகச் சிரித்தார். பிறகு காலை மடக்கிப் பெடலில் வைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே பறந்துவிட்டார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? திங்கட்கிழமை என் கடைக்கு விடுமுறை என்று முதலிலேயே சொன்னேனே. என் சட்டை பச்சை. வேலிக்குள் நின்றால் இலையோடு இலை.